வயசான நாய் ஏன் இவ்வளவு தண்ணீர் குடிக்கிறது? நோய்க்குப் பெயர் கொடுத்த ஹார்வி குஷிங்கின் கதை

வீட்டு நாய்க்கு எட்டு, ஒன்பது வயசு. கொஞ்ச நாளாகத் தண்ணீர்க் கிண்ணம் வைத்த கையோடு காலியாகிறது. ராத்திரியில் இரண்டு தடவை எழுந்து, வெளியே விடச் சொல்லிக் கதவைப் பிறாண்டுகிறது. எவ்வளவு சாப்பாடு போட்டாலும் பசி அடங்குவதில்லை. வயிறு பானை மாதிரி தொங்குகிறது, விலாப்பக்கம் முடி கொட்டுகிறது, சும்மா படுத்திருக்கும்போதே மூச்சு இரைக்கிறது. வயசாகிடுச்சு, அப்படித்தான் இருக்கும் என்று பலரும் விட்டுவிடுவார்கள். கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனால் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு ஒரு பெயரைச் சொல்வார்: குஷிங்.

அது கிருமியின் பெயரும் இல்லை, மருந்தின் பெயரும் இல்லை. ஹார்வி குஷிங் என்கிற அமெரிக்க அறுவை சிகிச்சை நிபுணரின் பெயர். மூளை அறுவை சிகிச்சையைத் தனித் துறையாக நிலைநிறுத்தியவர் என்று மருத்துவ உலகம் அவரைக் கொண்டாடுகிறது. நாய்களுக்கும் அவருக்கும் உள்ள தொடர்பு அந்தப் பெயரோடு முடிவதில்லை. அவர் கண்டுபிடித்தவற்றில் பெரும் பகுதி நாய்களின் உடலில் கண்டது. அதற்காக உயிர் கொடுத்த நாய்களும் நிறைய.

பத்தாவது பிள்ளை

1869 ஏப்ரல் 8 அன்று ஓஹையோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரில் பிறந்தார் குஷிங். வீட்டில் பத்துப் பிள்ளைகள், இவர்தான் கடைக்குட்டி. அப்பா டாக்டர், தாத்தா டாக்டர், தாத்தாவின் அப்பாவும் டாக்டர். யேல் பல்கலைக்கழகத்தில் பேஸ்பால் ஆடிக்கொண்டே படித்து 1891-ல் பட்டம் வாங்கியவர், அடுத்து ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

அங்கே மாணவராக இருந்தபோதே ஒரு நோயாளிக்கு ஈதர் மயக்க மருந்து கொடுக்கும் வேலை அவர் தலையில் விழுந்தது. அந்தக் காலத்தில் அதற்கென்று தனி மருத்துவர் கிடையாது. கையில் கிடைக்கிற மாணவனிடம் துணியையும் ஈதர் புட்டியையும் கொடுத்துவிடுவார்கள். நோயாளி இறந்துபோனார். மருத்துவப் படிப்பையே விட்டுவிடலாமா என்று யோசிக்கும் அளவுக்கு அது குஷிங்கை உலுக்கிவிட்டது.

ஆனால் விடவில்லை. உடன் படித்த அமோரி காட்மனோடு ஒரு பந்தயம் கட்டிக்கொண்டார். யார் நோயாளிக்குச் சிக்கல் இல்லாமல் மயக்க மருந்து கொடுக்கிறார்களோ அவர் ஜெயித்தவர், தோற்றவர் சாப்பாடு வாங்கித் தர வேண்டும். அதற்காக இருவரும் அறுவை சிகிச்சை நேரம் முழுக்க நோயாளியின் நாடித்துடிப்பையும் மூச்சையும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒரு தாளில் குறித்துவைக்கத் தொடங்கினார்கள். இன்றைக்கு எந்த ஆபரேஷன் தியேட்டரிலும் கட்டாயமாக இருக்கிற மயக்க மருந்துப் பதிவேட்டின் தொடக்கம் இதுதான்.

1896-ல் பால்டிமோரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்குப் போனார். அங்கே வில்லியம் ஹால்ஸ்டெட் குருவாக அமைந்தார். திசுவை மெல்லத் தொடு, ரத்தம் ஒரு சொட்டுகூட வீணாகக் கூடாது, அவசரப்படாதே என்பதுதான் ஹால்ஸ்டெட்டின் பாணி. மூளையில் கை வைக்கப்போகிறவருக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. 1900-ல் ஐரோப்பாவுக்குப் போன குஷிங், சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் மண்டைக்குள் அழுத்தம் ஏறினால் உடம்பு என்ன செய்கிறது என்று விலங்குகளில் ஆராய்ந்தார். மண்டைக்குள் அழுத்தம் கூடக்கூட ரத்த அழுத்தமும் ஏறுகிறது, நாடித்துடிப்பு குறைகிறது என்று அவர் கண்டதை இன்றும் அவசர சிகிச்சைப் பிரிவு மருத்துவர்கள் குஷிங் பெயரிலேயே படிக்கிறார்கள். திரும்பும் வழியில் இத்தாலியில் பார்த்த ரத்த அழுத்தம் அளக்கும் கைப்பட்டையையும் கையோடு எடுத்துவந்தார். அமெரிக்காவில் அந்தக் கருவி பரவியதற்கு அவரும் முக்கியக் காரணம்.

நாய்களுக்கும் நோட்டு

1905-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஹண்டேரியன் ஆய்வகம் திறக்கப்பட்டது. அங்கே மாணவர்களுக்கு நாய்களின் மீது அறுவை சிகிச்சை கற்றுக்கொடுத்தார் குஷிங். மனிதர்களுக்குச் செய்வது போலவே எல்லாம் நடக்க வேண்டும் என்பது அவர் போட்ட விதி. நாய்க்கு முழு மயக்கம், கிருமி நீக்கிய கருவிகள், ஒருவர் சர்ஜன், ஒருவர் உதவியாளர், ஒருவர் மயக்க மருந்துக்கு. ஒவ்வொரு நாய்க்கும் தனிப் பதிவு. அக்கம்பக்கத்தில் யார் வீட்டு நாய்க்காவது கட்டியோ காயமோ இருந்தால் அதற்கும் அங்கே சிகிச்சை கிடைத்தது. விலங்குகளை வைத்துச் சோதனை செய்வதற்கு அப்போதே அமெரிக்காவில் கடும் எதிர்ப்பு இருந்தது. அதற்குக் குஷிங்கின் பதில் இந்த ஒழுங்குதான்.

ஆனால் அதே ஆய்வகத்தில் நடந்த இன்னொரு வேலைக்கு இந்தப் பதில் முழுதாகப் பொருந்தாது. அது பிட்யூட்டரி ஆராய்ச்சி.

பிட்யூட்டரி என்பது மூளையின் அடிப்பக்கத்தில், எலும்புக் குழி ஒன்றுக்குள் தொங்குகிற பட்டாணி அளவு சுரப்பி. அது எதற்கு இருக்கிறது என்று 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யாருக்கும் சரியாகத் தெரியாது. கை, கால், தாடை எல்லாம் அளவுக்கு மீறி வளர்கிற அக்ரோமெகலி நோயாளிகளுக்கு இந்தச் சுரப்பி வீங்கியிருப்பதை மட்டும் பார்த்திருந்தார்கள். அது கூடுதலாக வேலை செய்வதாலா, வேலை செய்யாததாலா? இரண்டு கட்சியும் இருந்தன.

இதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி சுரப்பியை எடுத்துப் பார்ப்பதுதான் என்று குஷிங் முடிவு செய்தார். ருமேனியாவின் நிக்கோலே பாலெஸ்கு நாயின் பக்கவாட்டு மண்டை ஓட்டைத் திறந்து, மூளையை மெல்லத் தூக்கிப் பிட்யூட்டரியை எட்டும் முறையை ஏற்கெனவே உருவாக்கியிருந்தார். (இன்சுலின் கண்டுபிடிப்பில் யார் முதல் என்ற சண்டையில் வருகிற அதே பாலெஸ்குதான்.) அந்த வழியில் குஷிங்கும் சாமுவேல் குரோ, ஜான் ஹோமன்ஸ் என்ற இரு இளம் மருத்துவர்களும் வரிசையாக நாய்களுக்கு அறுவை சிகிச்சை செய்தார்கள். 1910-ல் முடிவுகளை வெளியிட்டார்கள்.

சுரப்பியை முழுதாக எடுத்த நாய்கள் சில நாட்களில் சோர்ந்து, உடல் குளிர்ந்து, இறந்துபோயின. ஒரு பகுதியை விட்டுவைத்த நாய்கள் பிழைத்தன. ஆனால் மாறிப்போயின. வளர்ந்த நாய்கள் கொழுத்தன, அவற்றின் இனப்பெருக்க உறுப்புகள் சுருங்கின. சில நாய்கள் சிறுநீராகக் கழித்துத் தள்ளின. குட்டிகள்தான் பார்க்கிறவர்களைத் திகைக்க வைத்தன. அவை வளரவே இல்லை. கூடப் பிறந்த குட்டிகள் முழு நாயாக நிமிர்ந்து நின்றபோது, இவை அதே குட்டி உருவத்தில் இருந்தன.

பிட்யூட்டரி சுரப்பது அதிகமானால் உடல் அரக்கத்தனமாக வளரும், குறைந்தால் குள்ளமாகவே நிற்கும் என்ற எளிமையான கணக்கு அந்தக் குட்டிகளிடமிருந்துதான் குஷிங்குக்கு உறுதியானது. 1909 மார்ச்சிலேயே அவர் இந்தத் துணிச்சலில் அக்ரோமெகலி நோயாளி ஒருவருக்கு வீங்கிய சுரப்பியின் ஒரு பகுதியை அகற்றியிருந்தார். அவர் உடல்நிலை தேறியது. 1912-ல் பிட்யூட்டரி கோளாறுகள் பற்றிக் குஷிங் எழுதிய பெரிய நூல் வந்தபோது, அந்தப் பட்டாணிச் சுரப்பிக்கென்று ஒரு துறையே பிறந்துவிட்டது.

சரி, எங்கே தப்பு?

முழுதாக எடுத்தால் சாவு நிச்சயம், ஆகவே பிட்யூட்டரி இல்லாமல் உயிர் இல்லை என்பது குஷிங் அன்றைக்கு எடுத்த முடிவு. வியன்னாவில் பெர்ன்ஹார்டு அஷ்னர் இதை மறுத்தார். அவர் வாய் வழியாக, மேலண்ணத்தைத் திறந்து சுரப்பியை எடுத்தார். மூளையைத் தொடவில்லை. அவருடைய நாய்கள் பிழைத்தன. எட்டு வார வயதில் அறுவை சிகிச்சை செய்த குட்டிகள் உயிரோடு இருந்தன, ஆனால் வளரவில்லை. பால் பற்கள் விழவில்லை, குட்டிப் பருவ முடியும் உதிரவில்லை. அப்படியானால் பால்டிமோர் நாய்களைக் கொன்றது எது? சுரப்பிக்கு மேலே இருக்கிற மூளைப் பகுதியில் கத்தி பட்டதுதான் என்றார் அஷ்னர். அந்தப் பகுதியின் பெயர் ஹைப்போதாலமஸ்.

தாகத்தின் கதையிலும் இதே திருப்பம் வந்தது. பிட்யூட்டரியின் பின்பகுதிச் சாறு சிறுநீரை அதிகப்படுத்தும் என்றுதான் எல்லோரும் அப்போது நம்பினார்கள். 1913-ல் ஜெர்மனியிலும் இத்தாலியிலும் இரண்டு மருத்துவர்கள், ஓயாமல் தண்ணீர் குடித்து ஓயாமல் சிறுநீர் கழிக்கும் நோயாளிகளுக்கு அந்தச் சாற்றை ஊசியாகப் போட்டார்கள். நடந்தது நேர்மாறு. சிறுநீர் குறைந்தது, தாகம் அடங்கியது. 1921-ல் பாஸ்டனில் குஷிங்கின் சொந்த ஆய்வகத்தில் வேலை பார்த்த பெர்சிவல் பெய்லியும் பிரெடெரிக் பிரேமரும், பிட்யூட்டரியில் கை வைக்காமல் ஹைப்போதாலமஸை மட்டும் லேசாகக் காயப்படுத்தினாலே நாய்களுக்குத் தீராத தாகம் வருகிறது என்று காட்டினார்கள். குருவின் முடிவை அவர் இடத்திலேயே, அதே வகை விலங்கை வைத்துச் சீடர்கள் திருத்திவிட்டார்கள்.

இன்றைக்குப் படம் தெளிவு. சிறுநீரகம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ள உதவும் வாசோபிரசின் ஹார்மோன் ஹைப்போதாலமஸில் உருவாகிறது. பிட்யூட்டரியின் பின்பகுதி அதைச் சேமித்து வைத்து வெளியே விடுகிற கிட்டங்கி மட்டுமே. உற்பத்தி நின்றுபோனால் சிறுநீர் வெள்ளமாகப் போகும், அதை ஈடுகட்ட நாயும் மனிதரும் குடித்துக்கொண்டே இருப்பார்கள். அதாவது முதலில் வருவது சிறுநீர், பின்னால் வருவது தாகம். வெறும் தண்ணீர்க் கிண்ணத்தை ஒளித்து வைப்பது ஏன் ஆபத்து என்பதும் இதிலிருந்தே புரிந்திருக்கும்.

பாஸ்டன் வருடங்கள்

1912-ல் பாஸ்டனுக்கு இடம் மாறிய குஷிங், புதிதாகத் திறந்த பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையின் தலைமை அறுவை சிகிச்சை நிபுணராகவும் ஹார்வர்டு பேராசிரியராகவும் இருபது வருடம் இருந்தார். மூளையில் கத்தி வைத்தால் பிழைப்பது அபூர்வம் என்றிருந்த காலம் அவர் கையில்தான் மாறியது. ரத்தக் குழாய்களை அடைக்கச் சின்ன வெள்ளிக் கிளிப்களைக் கொண்டுவந்தார். 1926-ல் வில்லியம் போவி என்ற இயற்பியலாளரோடு சேர்ந்து மின்சாரத்தால் திசுவை வெட்டவும் ரத்தத்தை நிறுத்தவும் செய்கிற கருவியைப் பயன்படுத்தத் தொடங்கினார். ரத்தம் கொட்டும் என்று பயந்து பாதியில் மூடிய நோயாளிகளை மறுபடி கூப்பிட்டுக் கட்டியை எடுத்தார். 1931-ல் அவருடைய மூளைக்கட்டி அறுவை சிகிச்சைகளின் எண்ணிக்கை 2000-ஐத் தொட்டது.

ஆனால் கூட வேலை செய்தவர்களுக்கு அவர் லேசான ஆள் இல்லை. தியேட்டரில் கோபம் பொங்கும். உதவியாளர்கள் பயந்து நடுங்குவார்கள். ஹண்டேரியன் ஆய்வகத்தில் தன்னிடம் பயின்ற வால்டர் டேண்டியோடு ஏற்பட்ட மனக்கசப்பு கடைசிவரை தீரவில்லை. முதல் உலகப் போரில் பிரான்ஸ் போர்முனையில் நாள்கணக்காகத் தலைக்காயங்களைத் தைத்தவர், 1918-ல் கால் நரம்புகள் பாதிக்கும் நோயோடு படுத்தார். அதிலிருந்து அவர் முழுதாக மீளவே இல்லை. தன் வழிகாட்டி வில்லியம் ஆஸ்லரின் வாழ்க்கை வரலாற்றை எழுதி 1926-ல் புலிட்சர் பரிசு வாங்கினார். அதே வருடம் ஜூனில், யேலில் படித்துக்கொண்டிருந்த மூத்த மகன் வில்லியம் கார் விபத்தில் இறந்தான்.

12 பேரின் நோய்

1910 கடைசியில் குஷிங்கிடம் 23 வயதுப் பெண் ஒருவர் வந்திருந்தார். முகமும் வயிறும் உப்பி, கை கால் மெலிந்து, தோலில் ஊதா நிறக் கோடுகள் விழுந்து, மாதவிடாய் நின்றுபோயிருந்தது. லேசாக இடித்தாலே கன்றிப்போகும். குஷிங்குக்கு அப்போது விடை தெரியவில்லை. 1912 நூலில் அந்தப் பெண்ணின் கதையைப் பதிவு செய்துவிட்டு நகர்ந்தார். ஆனால் மறக்கவில்லை.

இருபது வருடம் கழித்து, 1932-ல், அதே மாதிரி 12 பேரின் விவரங்களைத் திரட்டி வெளியிட்டார். தன் நோயாளிகள் சிலர், மற்ற மருத்துவர்கள் பதிவு செய்திருந்தவர்கள் சிலர். இத்தனை அறிகுறிகளுக்கும் காரணம் பிட்யூட்டரியில் இருக்கும், கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு சின்னக் கட்டி என்றார். பிட்யூட்டரியிலிருந்து போகும் ஏசிடிஎச் என்கிற ஹார்மோன்தான் அட்ரீனல் சுரப்பியைத் தட்டி எழுப்பிக் கார்டிசால் சுரக்க வைக்கிறது என்ற கணக்கு அப்போது முழுதாகத் தெளிவாகவில்லை. கார்டிசாலையே யாரும் இன்னும் பிரித்தெடுக்கவில்லை. கட்டி அட்ரீனலில்தான் இருக்கும் என்று சிலர் வாதிட்டார்கள். இரண்டு தரப்பும் பாதி சரி என்று பிறகு தெரிந்தது.

நாய்களில் இது நன்றாகவே அளக்கப்பட்டிருக்கிறது. குஷிங் நோய் வரும் நாய்களில் 80 முதல் 85 சதவீதத்துக்குக் காரணம் பிட்யூட்டரிக் கட்டி, மீதிக்கு அட்ரீனல் கட்டி. மனிதர்களில் ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஒரு சிலருக்கே வருகிற அரிய நோய் இது. வயசான நாய்களுக்கோ மிகச் சாதாரணமாக வருகிறது. பூடில், டாஷ்ஹண்ட், பாக்ஸர், சில டெரியர் இனங்களில் இன்னும் அதிகம். கார்டிசால் அளவுக்கு மீறினால் வாசோபிரசின் சிறுநீரகத்தில் வேலை செய்ய விடாது. மேலே சொன்ன அந்தக் காலிக் கிண்ணத்துக்கு இதுதான் காரணம்.

குஷிங் 1933-ல் யேலுக்குத் திரும்பிப் பேராசிரியர் ஆனார். விடாமல் சிகரெட் பிடித்ததில் கால் ரத்தக் குழாய்கள் அடைத்துப்போயிருந்தன. நோபல் பரிசுக்குப் பலமுறை பரிந்துரைக்கப்பட்டும் கிடைக்கவில்லை. 1939 அக்டோபர் 7 அன்று நியூஹேவனில் மாரடைப்பால் இறந்தார். பிரேதப் பரிசோதனையில் அவருடைய மூளையின் நடு அறைக்குள்ளேயே ஒரு சின்ன நீர்க்கட்டி இருந்தது தெரியவந்தது. அவர் சேர்த்து வைத்த மூளைக்கட்டி மாதிரிகள் இன்று யேல் மருத்துவ நூலகத்தின் கீழ்த்தளத்தில் கண்ணாடி ஜாடிகளில் வரிசையாக நிற்கின்றன.

நம்ம வீட்டு நாய்க்கு இதனால் என்ன?

ஒரு நாய் ஒரு நாளைக்குக் குடிக்கும் தண்ணீரை அளப்பது கஷ்டம் இல்லை. காலையில் அளந்து ஊற்றி, மறுநாள் காலையில் மிச்சத்தை அளந்தால் போதும். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல் போனால் அது இயல்பில்லை. 10 கிலோ நாய் ஒரு லிட்டருக்கு மேல் குடிக்கிறது என்றால் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, பெண் நாய்களுக்கு வரும் கருப்பைச் சீழ் என்று வேறு காரணங்களும் இருக்கலாம். கருப்பைச் சீழ் என்றால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

இன்னொன்று: அரிப்புக்காக மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரையோ ஊசியோ கொடுத்து வந்தாலும் இதே அறிகுறிகள் அத்தனையும் வரும். கட்டியே இல்லாமல் வருகிற குஷிங் இது. ஆனால் பயந்துபோய் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் நிலைமை இன்னும் மோசமாகும், ஏனென்றால் நாயின் சொந்த அட்ரீனல் அதற்குள் தூங்கிப்போயிருக்கும். மருத்துவர் சொல்படி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். உண்மையான குஷிங் நோய்க்கு டிரைலோஸ்டேன் என்ற மாத்திரை அட்ரீனலின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. அதை வாழ்நாள் முழுக்கக் கொடுக்க வேண்டியிருக்கும்.

வளராத குட்டிகள் ஆய்வகத்தில் மட்டும் பிறக்கவில்லை. நம்மூரில் ரொம்பப் பிரபலமான ஜெர்மன் ஷெப்பர்டு இனத்தில் பிட்யூட்டரி சரியாக உருவாகாமலே பிறக்கிற குட்டிகள் உண்டு. முதல் இரண்டு மாதம் வித்தியாசம் தெரியாது. பிறகு வளர்ச்சி நின்றுவிடும், குட்டி முடி அப்படியே இருக்கும், அப்புறம் அதுவும் கொட்டித் தோல் கறுக்கும். முகம் நரி மாதிரி கூர்மையாகத் தெரியும். பார்க்க அழகாக இருப்பதால் மினி ஷெப்பர்டு என்று யாராவது விற்றால் ஆச்சரியப்பட வேண்டாம். சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலும் நான்கைந்து வயதைத் தாண்டாது. எல்எச்எக்ஸ்3 என்கிற மரபணுவில் வரும் பிழைதான் காரணம் என்று நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-ல் கண்டறிந்தார்கள். அப்பா, அம்மா இரண்டும் அந்தப் பிழையைச் சுமந்தால்தான் குட்டிக்கு நோய் வரும். சுமக்கிற நாய் வெளியில் பார்க்க முழு ஆரோக்கியமாக இருக்கும். இனப்பெருக்கத்துக்கு விடும் முன்பு செய்துகொள்ள மரபணுப் பரிசோதனை இருக்கிறது.

அதே உட்ரெக்டில் 1990-கள் முதல் இன்னொரு வேலையும் நடக்கிறது. குஷிங் நோய் வந்த நாய்களின் பிட்யூட்டரியை, கட்டியோடு சேர்த்து, வாய் வழியாக முழுதாக எடுத்துவிடுகிறார்கள். அஷ்னர் போன பாதை. முழுதாக எடுத்தால் சாவுதான் என்று 1910-ல் எழுதப்பட்ட அதே அறுவை சிகிச்சை. பிறகு கார்டிசோனும் தைராக்சினும் மாத்திரையாகக் கொடுக்கிறார்கள். தாகம் கட்டுக்கடங்காமல் போகாதிருக்க, வாசோபிரசினுக்குப் பதிலாக டெஸ்மோபிரசின் சொட்டு மருந்தை நாயின் கண்ணில் சில வாரங்கள் விடுகிறார்கள். பல நாய்களுக்கு அதற்குப் பிறகு அந்தச் சொட்டும் தேவைப்படுவதில்லை.